பேச்சும் டைஸும்: டேபிள்டாப் ஆர்.பி.ஜி.யில் சோஷியல் ஸ்கில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேபிள்டாப் ஆர்.பி.ஜி. என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசியும் டைஸ் உருட்டியும் கதையை நகர்த்தும் ஆட்டம். அதைப் புதிதாக ஆட வருபவர்கள் வாள் வீசுவதைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. அதற்கு எந்த டைஸ், எவ்வளவு சேதம் என்பதெல்லாம் விதிப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. கதைக்குள் ஒரு காவலாளியிடம் பேச வேண்டிய நேரம் வரும்போதுதான் சந்தேகங்கள் கிளம்பும், அதுவும் எல்லோருக்கும் ஒரே சந்தேகங்கள். டி.எம். ஆக, அதாவது கதையை நடத்தி மற்ற எல்லா ஆட்களுக்காகவும் பேசுபவராக, உட்கார்ந்து பல வருடம் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். டி அண்ட் டி எனப்படும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். அது 2014இல் வந்தது, 2024இல் திருத்தப்பட்டது. நம்மில் பலர் தொடங்குவது அதில்தான். மற்ற கேம்களும் இடையிடையே வரும்.

"சோஷியல் ஸ்கில்னா என்ன? நான்தான் வாயால பேசிடுறேனே, அதுக்கு எதுக்கு டைஸ்?"

உங்கள் கேரக்டர் இன்னொருவருடைய மனதை அசைக்கவோ படிக்கவோ முயலும்போது பயன்படும் திறமைகள் இவை. ஐந்தாம் பதிப்பில் மொத்தம் 18 ஸ்கில் உண்டு. அவற்றில் பேச்சோடு நேரடியாகச் சேர்ந்தவை ஐந்து. இசைய வைக்கும் பெர்சுவேஷன், ஏமாற்றும் டிசெப்ஷன், மிரட்டும் இன்டிமிடேஷன், கூட்டத்தைக் கட்டிப்போடும் பெர்ஃபார்மன்ஸ் ஆகிய நான்கும் ஆளை ஈர்க்கும் பண்பான கரிஸ்மாவின் கீழ் வருபவை. எதிரில் இருப்பவரைப் படிக்கும் இன்சைட் மட்டும் கூர்ந்து உணரும் பண்பான விஸ்டமின் கீழ் வரும். 20 பக்க டைஸை உருட்டி, அந்தப் பண்புக்கான மாடிஃபயரை, அதாவது அந்தப் பண்பின் அளவுக்கேற்ப வரும் எண்ணை, கூட்டுங்கள். அந்த ஸ்கில்லில் பயிற்சி இருந்தால் பிரொஃபிஷியன்சி போனஸும் சேரும், முதல் லெவலில் அது +2. டி.எம். வைத்த எண்ணை, அதாவது டி.சி.யை, எட்டினால் வெற்றி.

டைஸ் எதற்கு என்றால், பேசுவது நீங்கள், ஆனால் கேட்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பது உங்கள் கையில் இல்லை. அதே வார்த்தை ஒருவர் வாயிலிருந்து வந்தால் மனம் இளகுகிறது, இன்னொருவர் சொன்னால் எரிச்சல் வருகிறது. அந்த நிச்சயமின்மைக்குத்தான் டைஸ். நிச்சயமான இடத்தில் அது வேண்டாம். காசு கொடுத்து ரொட்டி வாங்க யாரும் பெர்சுவேஷன் உருட்டத் தேவையில்லை.

"பெர்சுவேஷன், டிசெப்ஷன், இன்டிமிடேஷன்... மூணுமே பேசி ஒத்துக்க வைக்கிறதுதானே? எதுல நம்பர் அதிகமோ அதையே போட்டா என்ன?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஜெயிக்கும் வாய்ப்பில் இல்லை, ஜெயித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதில் இருக்கிறது. இரவு நேரம், நகரத்தின் கோட்டை வாசல் மூடியிருக்கிறது, ஒரு காவலாளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "என் நண்பனுக்குக் கடும் காய்ச்சல், வைத்தியர் உள்ளேதான் இருக்கிறார்" என்று உண்மையைச் சொல்லித் திறக்க வைத்தால் அது பெர்சுவேஷன். அடுத்த வாரம் நீங்கள் அந்த வழியாக வந்தால் "நண்பர் எப்படி இருக்கிறார்?" என்று அவரே விசாரிப்பார். "நான் தளபதியின் தூதன்" என்று சொல்லித் திறக்க வைத்தால் டிசெப்ஷன். காலையில் தளபதி வந்து "எந்தத் தூதன்?" என்று கேட்கும்வரைதான் அதற்கு ஆயுள். கத்தியைக் காட்டித் திறக்க வைத்தால் இன்டிமிடேஷன். நீங்கள் தெருமுனை திரும்பியதும் அவர் மேலதிகாரியிடம் ஓடுவார். மூன்று முறையும் கதவு திறந்தது, ஆனால் மூன்றும் வேறு வேறு கதைகள்.

இது என் கற்பனை மட்டும் அல்ல, பல கேம்கள் இதை விதியாகவே எழுதியிருக்கின்றன. டி அண்ட் டி 3.5 பதிப்பில், மிரட்டப்பட்டவர் நீங்கள் எதிரில் இருக்கும்வரையும் அதற்குப் பிறகு 10 முதல் 60 நிமிடம் வரையும்தான் நண்பரைப் போல நடந்துகொள்வார். அப்புறம் அவர் மனம் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பிலும் மிரட்டிப் பணியவைத்தால் அதிகபட்சம் ஒரு நாள்தான் பலன், அதன்பின் கசப்பு. ஐந்தாம் பதிப்பின் விதிகள் இவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை. அதனால் டி.எம். இதை நினைவில் வைத்து அடுத்தடுத்த காட்சிகளில் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் உங்கள் கேள்வியில் உள்ளதுபோல் பிளேயர்கள் பெரிய நம்பரையே உருட்டுவார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

"இன்சைட் போட்டா அவன் பொய் சொல்றானான்னு தெரிஞ்சிடும்தானே?"

இல்லை. இன்சைட் பொய்யைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் அல்ல. முகம், குரல், கை கால் அசைவு ஆகியவற்றிலிருந்து உங்கள் கேரக்டர் என்ன பிடிக்கிறார் என்பது மட்டுமே அதில் வரும். "அவன் பொய் சொல்கிறான்" என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. "சாவியைப் பற்றிக் கேட்டதும் அவர் கண் ஒரு கணம் அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது" என்பேன். அதற்கு என்ன அர்த்தம் என்று பிளேயர்கள் பேசிக்கொள்வார்கள். அதுதான் சுவை. ரோல் தோற்றால் "எதுவும் பிடிபடவில்லை" என்று சொல்லுங்கள். "நம்பலாம் போலிருக்கிறது" என்று சொன்னால், டைஸில் 3 விழுந்ததைப் பார்த்த பிளேயர் உடனே உஷாராகிவிடுவார்.

பொய்யைப் பிடிப்பதைவிட நல்ல உபயோகம் ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பேரம் பேசத் தொடங்கும் முன்பே இன்சைட் போட்டு, எதிரில் இருப்பவர் எதை மதிக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், யார்மேல் பாசம் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். 2014இன் டி.எம். கையேடே இந்த வழியைச் சொல்கிறது. மகளைப் பற்றிப் பேசினால் இளகும் வணிகரிடம் லாபக் கணக்குச் சொல்லிப் பயனில்லை.

"அப்போ பெர்ஃபார்மன்ஸ் வெறும் பாட்டுப் பாடத்தானா?"

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் பாட்டு ஒரு கூட்டத்தையே திருப்பிப் போடும். சந்தையில் எல்லோர் கண்ணும் உங்கள்மேல் இருக்கும்போது உங்கள் தோழி பின்வாசல் வழியே நுழையலாம். ஒருவரிடம் நேருக்கு நேர் பேசி மனதை மாற்ற பெர்சுவேஷன், முன்பின் தெரியாத நூறு பேரின் மனநிலையை மாற்ற பெர்ஃபார்மன்ஸ். இப்படிப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

"எனக்கு நிஜத்துலயே நாலு பேர் முன்னாடி பேச வராது. நான் பார்டு எடுக்கலாமா?"

தாராளமாக எடுங்கள். பார்டு என்றால் நம் பாணன் மாதிரி, பாட்டாலும் சொல்லாலும் அரசவையை அசைப்பவன். நிஜத்தில் பத்து கிலோ தூக்க முடியாதவர் பலசாலி வீரனாக ஆடுகிறார், யாரும் அவரை மேசையைத் தூக்கிக் காட்டச் சொல்வதில்லை. பேச்சுக்கு மட்டும் ஏன் தனி நியாயம்?

வசனம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. என்ன வேண்டும், எதைச் சொல்லிக் கேட்கிறீர்கள் என்ற இரண்டை மட்டும் சொன்னால் போதும். "என் கேரக்டர் பழைய போரை நினைவுபடுத்தி, இவருடைய அப்பாவும் எங்கள் ஊரைக் காப்பாற்றியவர்தான் என்று சொல்லி உதவி கேட்கிறார்" என்பது முழுமையான ஆட்டம். ஒருமுறை ஒரு பிளேயர் இந்த மாதிரி ஒற்றை வாக்கியத்தைத் தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சொன்னார். 19 விழுந்தது. உதவி கேட்கப்பட்ட பிரபுவாக நான் கண் கலங்கிப் பதில் சொன்னேன். அடுத்த மாதம் அந்தப் பிளேயரே முதல் ஆளாக வசனம் பேசினார். யாரும் தள்ளவில்லை, தானாக வந்தது. தயவுசெய்து கூச்சப்படுகிறவரை "நடிச்சுக் காட்டு" என்று வற்புறுத்தாதீர்கள்.

"எங்க குரூப்ல ஒருத்தன் வக்கீல் மாதிரி பேசுவான். கரிஸ்மா 8 வெச்சுக்கிட்டு எல்லா இடத்திலும் ஜெயிச்சிடுறான். இது சரியா?"

முந்தைய கேள்வியின் மறுபக்கம் இது. அவர் நன்றாகப் பேசுவது மேசைக்கு வரம், தடுக்காதீர்கள். ஆனால் கரிஸ்மாவில் குறைவாக 8 வைத்ததால் மிஞ்சிய புள்ளிகளை அவர் வேறெங்கோ போட்டிருக்கிறார். அதன் பலனை அனுபவித்துக்கொண்டு பேச்சிலும் இலவசமாக ஜெயித்தால், கரிஸ்மாவுக்குச் செலவழித்த மற்றவருக்கு அநியாயம்.

நான் செய்வது இது. என்ன வாதம் வைக்கிறார் என்பதை டி.சி.க்கு எடுத்துக்கொள்வேன். எவ்வளவு அழகாகச் சொன்னார் என்பதை எடுத்துக்கொள்ள மாட்டேன். எதிராளிக்கு உண்மையில் வேண்டிய ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னால் டி.சி. குறையும் அல்லது அட்வான்டேஜ், அதாவது இருமுறை உருட்டி நல்லதை எடுக்கும் வசதி, கிடைக்கும். அதைத் திக்கித் திக்கிச் சொன்னாலும் அதே பலன்தான். அப்புறம் ரோல் தோற்றால், பேச்சு அருமையாக இருந்தும் அந்தக் கேரக்டரின் தோரணையோ முகமோ அதைக் கெடுத்துவிட்டது என்று கதையில் சொல்வேன்.

"முதல்ல பேசணுமா, முதல்ல உருட்டணுமா?"

இரண்டு பழக்கமும் உண்டு. முதலில் பேசினால் வாதத்தைப் பார்த்து டி.சி. வைக்கலாம், மேலே சொன்ன முறைக்கு அதுதான் பொருந்தும். முதலில் உருட்டினால், வந்த எண்ணுக்குத் தகுந்தபடி சொதப்பலாகவோ பிரமாதமாகவோ நடித்து மகிழலாம். சிரித்து ஆடும் குழுவுக்கு அது நன்றாக வரும். நான் நடுவில் நிற்கிறேன்: நோக்கத்தைச் சொல்லுங்கள், உருட்டுங்கள், அப்புறம் விரும்பினால் வசனம்.

"டி.சி. எவ்வளவு வைக்கணும்? நான் எப்பவும் 15 வெச்சிடுறேன்."

15 என்பது நடுத்தரம். 10 எளிது, 20 கடினம். ஆனால் பேச்சில் எண்ணுக்கு முன்பு கேட்க வேண்டியது, அந்த ஆள் உங்களைப் பற்றி ஏற்கனவே என்ன நினைக்கிறார் என்பது. 2014 கையேடு மூன்று நிலை வைக்கிறது: நட்பு, பட்டும் படாமல், பகை. நண்பரிடம் 10 எடுத்தால் உங்களுக்காகச் சின்ன இழப்பை ஏற்பார், 20 எடுத்தால் பெரிய ஆபத்தையே ஏற்பார். பட்டும் படாமல் இருப்பவரிடம் 10 எடுத்தால் தனக்குச் சிரமம் இல்லாத உதவியைச் செய்வார், 20க்குச் சின்ன இழப்பு. பகையாளியிடம் 20 எடுத்தால்கூடத் தனக்கு ஆபத்தோ இழப்போ இல்லாததை மட்டும்தான் செய்வார். எனக்கு மிகவும் பிடித்த அட்டவணை இது. ஒரே 20க்கு ஆளைப் பொறுத்து வேறு வேறு மதிப்பு இருப்பதைக் கண்ணெதிரே காட்டுகிறது.

2024 திருத்தம் இதைச் சுருக்கியது. கேட்கப்படுபவர் தானே விருப்பப்பட்டால் ரோல் வேண்டாம், அறவே விருப்பமில்லாவிட்டாலும் ரோல் வேண்டாம், தயங்கினால் மட்டும் ரோல். டி.சி. 15, அல்லது அவருடைய இன்டெலிஜென்ஸ் எண், எது அதிகமோ அது. வேகமாக ஆட இது வசதி. முக்கியமான பேச்சுவார்த்தைக்கு நான் இன்னும் பழைய அட்டவணையைத்தான் எடுக்கிறேன்.

"20 விழுந்துச்சு! ராஜா எனக்கு நாட்டைக் கொடுத்துடணும்ல?"

கொடுக்க மாட்டார். ஐந்தாம் பதிப்பில் இயல்பாக விழும் 20 சண்டைத் தாக்குதலில்தான் தானாக வெற்றி தரும், ஸ்கில் ரோலில் தராது. பேச்சு மந்திரமும் அல்ல. அந்த 20க்கு நியாயமான பரிசு, அந்தச் சூழலில் நடக்கக்கூடியதிலேயே சிறந்தது: ராஜா உங்களைச் சிறையில் தள்ளாமல் துணிச்சலை ரசித்து விருந்துக்கு அழைக்கலாம். நடக்கவே முடியாததற்கு டி.எம். டைஸை உருட்டவே விடக்கூடாது. உருட்டச் சொல்லிவிட்டு 20 வந்தபின் "முடியாது" என்றால் பிளேயருக்குக் கோபம் வரும், அது நியாயமான கோபம்.

பழைய விதிகளில் இந்தச் சிக்கல் நிஜமாகவே இருந்தது. 3.5 பதிப்பில் பேசி இசைய வைக்கும் ஸ்கில்லான டிப்ளமசியில் 50 எடுத்தால், கொலைவெறியோடு நிற்பவர் உங்களுக்கு எல்லா உதவியும் செய்பவராக மாறிவிடுவார். 20 பக்க டைஸ் உருட்டி 50ஆ என்று தோன்றும், ஆனால் போனஸ்களை அடுக்கிக்கொண்டே போனால் எட்டக்கூடிய எண்தான் அது. அப்படியே கேரக்டர் கட்டி எல்லாச் சண்டையையும் பேசியே முடித்தவர்கள் உண்டு. அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்த விதிகள் எச்சரிக்கையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

"நான் தோத்துட்டேன். அடுத்தவன் போடட்டும், அவனும் தோத்தா அடுத்தவன்... நாலு பேரும் போடலாமா?"

நான்கு பேர் வரிசையாக வந்து ஒரே விஷயத்தைக் கேட்டால் எந்த மனிதருக்கும் எரிச்சல்தான் வரும். ஒருவர் பேச, இன்னொருவர் உதவ, அட்வான்டேஜோடு ஒரே ரோல் என்று வைத்தால் அழகாக முடிந்துவிடும். மறுமுயற்சி வேண்டுமென்றால் நிலைமை மாறியிருக்க வேண்டும்: புதிய ஆதாரம், புதிய சலுகை, வேறு ஆள். 2024 விதியில் தோற்றபின் அதே வழியில் மறுபடி கேட்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், டி.எம். வேறு கெடுவும் வைக்கலாம்.

கால் ஆஃப் கத்துலு என்ற திகில் கேமின் தீர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே தோற்ற ரோலை இன்னொரு முறை அழுத்திப் பார்க்கலாம், ஆனால் கூடுதலாக என்ன செய்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும், மறுபடி தோற்றால் விளைவு மோசமாக இருக்கும். மருத்துவமனைக் குமாஸ்தா முதலில் "முடியாது" என்றார், நீங்கள் குரலை உயர்த்தினீர்கள், இப்போது போலீஸ் வருகிறது. பிளேயர் தெரிந்தே எடுக்கும் அபாயம் அது.

"என் பார்பேரியன் ஏழடி உயரம், கையில கோடாலி. கரிஸ்மா கம்மின்னு மிரட்ட முடியாதா?"

முடியும். விதிப் புத்தகமே இதை உதாரணமாகச் சொல்கிறது: உடல் பலத்தைக் காட்டி மிரட்டினால் கரிஸ்மாவுக்குப் பதில் ஸ்ட்ரெங்த்தோடு இன்டிமிடேஷன் போட டி.எம். அனுமதிக்கலாம். மேசையை இரண்டாக உடைத்துக் காட்டினால் ஸ்ட்ரெங்த். "உன் மகன் எந்தப் பள்ளிக்குப் போகிறான் என்று எனக்குத் தெரியும்" என்று மெல்லிய குரலில் சொன்னால் அது கரிஸ்மாதான், கோடாலிக்கு அங்கே வேலையில்லை.

"மத்த கேம்லயும் இதே அஞ்சு ஸ்கில்தானா?"

இல்லை, எந்தக் கேம் எதைத் தனி ஸ்கில்லாகப் பிரிக்கிறது என்று பார்த்தாலே அதன் உலகம் தெரிந்துவிடும். கால் ஆஃப் கத்துலு ஏழாம் பதிப்பில் நான்கு வழிகள்: சார்ம், ஃபாஸ்ட் டாக், இன்டிமிடேட், பெர்சுவேட். ஃபாஸ்ட் டாக் என்பது யோசிக்க விடாமல் படபடவென்று பேசிக் காரியத்தை முடிப்பது. ஆள் கொஞ்ச நேரத்தில் சுதாரித்துவிடுவார். பெர்சுவேட் என்பது பொறுமையாகக் காரணங்களை அடுக்குவது. நேரம் பிடிக்கும், ஆனால் நிலைக்கும். பயிற்சியே இல்லாதவருக்கும் ஜெயிக்கும் வாய்ப்பு சார்மில் 15 சதவீதம், பெர்சுவேட்டில் 10, ஃபாஸ்ட் டாக்கில் 5. மனதைப் படிக்க சைக்காலஜி. இவற்றோடு கிரெடிட் ரேட்டிங் என்று ஒன்றும் உண்டு. அது உங்கள் பணமும் அந்தஸ்தும். 1920களின் அமெரிக்காவில் வாயைத் திறக்கும் முன்பே உங்கள் கோட்டு பேசிவிடுகிறது.

1977இல் வந்த டிராவலரில் சமூக அந்தஸ்தே ஓர் அடிப்படைப் பண்பு. அதில் லஞ்சம் கொடுக்கும் திறமை, அலுவலகக் காகிதங்களைச் சமாளிக்கும் திறமை, தெருவின் நிழல் உலகத்தோடு பழகும் திறமை எல்லாம் தனித்தனி ஸ்கில். 1991இல் வந்த வாம்பயர் த மாஸ்கரேடில் கரிஸ்மாவும் மேனிபுலேஷனும் தனித்தனிப் பண்புகள். ஈர்ப்பு இருப்பவரெல்லாம் சூழ்ச்சிக்காரர் இல்லையே. ஃபேட் கோரில் காண்டாக்ட்ஸ் ஒரு ஸ்கில். நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள் என்பது வேறு, யாரையெல்லாம் தெரியும் என்பது வேறு. பேர்னிங் வீலில் பெரிய விவாதத்தைச் சண்டையைப் போலவே நடத்தலாம். இரு தரப்பும் அடுத்த மூன்று நகர்வுகளை ரகசியமாக எழுதி வைத்துத் திறக்கின்றன. ஜெயித்தாலும் உங்கள் வாதம் அடி வாங்கியிருந்தால் எதிர்த்தரப்புக்கு ஏதாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். அரசவைக் கதை ஆடுகிறவர்கள் ஒரு முறையாவது ஆடிப் பாருங்கள்.

"ஆரம்பத்துல இந்த ஸ்கில் எல்லாம் இல்லாமத்தானே ஆடினாங்க? அதுதானே நல்லது?"

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் டி அண்ட் டியில் பெர்சுவேஷன் போன்ற ஸ்கில்கள் இல்லை என்பது சரி. ஆனால் டைஸே இல்லாமல் ஆடவில்லை. எதிர்ப்படும் ஆள் உங்களை எப்படி வரவேற்கிறார் என்பதற்கு இரண்டு ஆறுபக்க டைஸ் உருட்டும் முறை இருந்தது: 2 முதல் 5 வரை எதிர்ப்பு, 6 முதல் 8 வரை இரண்டுங்கெட்டான், 9க்கு மேல் நல்வரவு. கூலிக்கு எத்தனை பேரைச் சேர்க்கலாம், அவர்கள் எவ்வளவு விசுவாசமாக இருப்பார்கள் என்பதைக் கரிஸ்மா தீர்மானித்தது. மீதியை மேசையில் பேசி முடித்தார்கள். நன்றாகப் பேசும் நண்பர்கள் மட்டும் ஆடினால் அது அருமையான முறை. கூச்சப்படும் ஒருவர் குழுவில் இருந்தாலே நான் ஸ்கில் பக்கம்தான் நிற்பேன், காரணம் மேலே சொன்னதுதான்.

"சக பிளேயர் மேல பெர்சுவேஷன் போட்டு அவன் கேரக்டரை ஒத்துக்க வைக்கலாமா?"

என் மேசையில் கூடாது. தன் கேரக்டர் என்ன நினைக்கிறார் என்று முடிவு செய்யும் உரிமைதான் பிளேயருக்கு இருக்கும் ஒரே பெரிய சொத்து. அதை இன்னொருவரின் டைஸ் பறித்துக்கொண்டால் மிஞ்சுவது மனஸ்தாபம். "அவன் சொல்றது நம்புற மாதிரி இருக்கு" என்று தகவலாகச் சொல்லலாம், முடிவு கேட்பவருடையது.

2010இல் வந்த அபாகலிப்ஸ் வேர்ல்ட் இதற்கு நேர்த்தியான வழி வைத்திருக்கிறது. ரோல் ஜெயித்தால் எதிர் பிளேயரை அது கட்டாயப்படுத்தாது. நீங்கள் கேட்டதைச் செய்தால் அவருக்கு அனுபவப் புள்ளி, மறுத்தால் அந்த மறுப்பே அவருக்குக் கஷ்டமாக அமையும். தேர்வு அவர் கையிலேயே இருக்கிறது.

"மயக்கிப் பேசுறது, சித்ரவதை பண்ணிக் கேக்குறது... இதுக்கெல்லாம் என்ன ரோல்?"

ரோலுக்கு முன்னால் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். இந்த இரண்டும் யாராவது ஒருவருக்கு நிஜ வாழ்க்கைக் காயத்தைத் தொடக்கூடியவை. கதை தொடங்கும் முன் எது வேண்டாம், எது திரைக்குப் பின்னால் நடக்கலாம் என்று பேசிக்கொள்ளுங்கள். நடுவில் யாருக்காவது ஒவ்வவில்லை என்றால் காரணம் கேட்காமல் காட்சியை மாற்றும் எக்ஸ் கார்டு முறை இருக்கிறது. ஒரு துண்டுச் சீட்டு போதும். சித்ரவதைக்கு நான் ரோலே தருவதில்லை. வலியில் இருப்பவர் நீங்கள் கேட்க விரும்புவதைச் சொல்வார், அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

"நாங்க தமிழ்லயே ஆடுறோம். அதனால ஏதாவது வித்தியாசம் உண்டா?"

உண்டு, பெரிய வசதி உண்டு. நீ, நீங்கள், தாங்கள் என்ற மூன்றையும் வைத்து, டி.சி. என்ன, ரோல் எப்படிப் போனது என்று ஒரு எண்ணும் சொல்லாமலே காட்டிவிடலாம். வாசலில் "யாருங்க நீங்க, இந்நேரத்துல?" என்று தொடங்கும் காவலாளி, உங்கள் பொய் சறுக்கியதும் "டேய், யாருடா நீ?" என்கிறார். ரோல் தோற்றது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அதேபோல இதுவரை "நீ" என்று பேசிய கிழட்டுத் தளபதி முதல்முறையாக "உட்காருங்க தம்பி" என்று சொன்னால் மேசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

பிளேயர் பக்கமும் இதைக் கவனியுங்கள். ஜமீன்தாரின் பழைய வேலைக்காரரிடம் தகவல் கேட்கும்போது "உங்க முதலாளி எங்க போனார்?" என்று கேட்டவருக்கு நான் சாதாரண டி.சி. வைத்தேன். கூட இருந்தவர் குறுக்கிட்டு "அவன் எப்ப வருவான்?" என்றார். அந்த "அவன்" காதில் விழுந்ததும் கிழவர் கையிலிருந்த விளக்கைத் தணித்துவிட்டு "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.